பெயரால் ஒரு பண்பை மாற்றுதல்: நெற்பதிவேடும் சீ ஷார்ப் ரிஃப்ளெக்ஷனும்

பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் மட்டக்களப்பு மாவட்டத்துப் படுவான்கரையின் நெற்களஞ்சியங்களில் கணக்கு எழுதுபவருக்கு மூச்சுவிட நேரம் இராது. வவுணதீவுப் பக்கத்திலிருந்து ஒரு விரிதாள் வரும். கொக்கட்டிச்சோலையிலிருந்து இன்னொன்று வரும். அம்பாறை மாவட்டத்துச் சம்மாந்துறையிலிருந்து வருவது இரண்டையும் போல இராது. ஒன்றில் வட்டை (வயல்வெளி), விவசாயி, ஏக்கர், மூடை என்ற வரிசையில் நிரல்கள் இருக்கும். மற்றொன்றில் மூடை முதலில் வந்து, ஈரப்பதன் என்ற புதிய நிரல் நடுவில் நுழைந்திருக்கும். இவற்றையெல்லாம் ஒரே செய்நிரல் வாசித்து, ஒவ்வொரு நிரையையும் ஒரு பொருளாக மாற்ற வேண்டும் என்பதே என்னிடம் வந்த வேலை. எந்த நிரல் அந்தப் பொருளின் எந்தப் பண்புக்கு (புரொப்பட்டிக்கு) போக வேண்டும் என்பது கோப்பைத் திறந்து தலைப்பை வாசிக்கும் வரை தெரியாது. பண்பின் பெயர் செய்நிரலை எழுதும்போது நம் கையில் இல்லாமல், அது ஓடும்போது ஒரு சரமாக மட்டும் வந்து சேரும் இத்தகைய இடத்துக்கென்றே உள்ள வசதிதான் ரிஃப்ளெக்ஷன்.

இந்த வழிகாட்டி சீ ஷார்ப் மொழிக்கும் டொட்நெட்டுக்கும் உரியது. வகுப்பு எழுதவும் பண்புகளை அறிவிக்கவும் தெரிந்தவர் எவரும் பின்தொடரலாம். நூலகத்தின் மெத்தட் பெயர்களை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றின் ஆங்கில எழுத்துக்கூட்டலை, இடைவெளியின்றி, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக இட்டு எழுத வேண்டும். பண்புகளின் பெயர்களை மட்டும் உண்மையாகவே தமிழில் வைத்திருக்கிறேன். சீ ஷார்ப் மொழி யூனிக்கோட் எழுத்துகளையும் அவற்றோடு சேரும் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் பெயர்களில் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே ‘ஏக்கர்’ என்று ஒரு பண்புக்குப் பெயரிட்டால் கொம்பைலர் முணுமுணுக்காது. அதனால் வரும் ஒரு தொல்லையைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

ரிஃப்ளெக்ஷன் என்பது என்ன

செய்நிரல் தன் சொந்த அமைப்பைத் தானே வாசித்து, வேண்டுமானால் அதன் வழியே தன் நிலையை மாற்றிக்கொள்ளவும் முடிவதே இதன் பொருள். கண்ணாடி முன் நிற்பது போன்ற ஒன்று என்பதால் இந்தப் பெயர். மொழிகளில் இதை முறையான கருத்தாக வகுத்தவர் பிரையன் கான்ட்வெல் ஸ்மித். 1982இல் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வேடு லிஸ்ப் மொழியை வைத்து இதைப் பேசியது. ஜாவா 1997இல் தன் 1.1 பதிப்பில் இதைச் சேர்த்தது. டொட்நெட் 2002இல் முதற்பதிப்பு வெளியானபோதே இதனுடன்தான் வந்தது. பைதனில் எழுதுபவருக்கு இது ஒரு தனிப் பாடமாகவே தோன்றாது. அங்கே ‘செட்அட்டர்’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். கொம்பைலர் முன்கூட்டியே எல்லாவற்றையும் சரிபார்க்கும் மொழியில்தான், அந்தச் சரிபார்ப்பைக் கடந்து செல்வதற்கு இத்தனை ஏற்பாடு தேவைப்படுகிறது.

டொட்நெட்டில் ஒரு வகுப்பைக் கொம்பைல் செய்யும்போது அதன் பெயர், பண்புகள், அவற்றின் தரவு வகைகள், மெத்தட்கள் ஆகிய விபரமெல்லாம் செய்நிரல் கோப்புக்குள்ளேயே மேலதிகத் தரவாக எழுதப்படுகிறது. அந்த விபரத்தை ஓடும் நேரத்தில் நம்மிடம் தருவது ‘டைப்’ என்ற வகையைச் சேர்ந்த ஒரு பொருள். நெற்களஞ்சியத்தில் மூடைகளும் இருக்கும், மூடைகளின் விபரம் எழுதிய ஏடும் இருக்கும். டைப் என்பது அந்த ஏடு.

பெயர் முன்னமே தெரிந்திருந்தால் ரிஃப்ளெக்ஷனைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ‘பதிவு.ஏக்கர் = 3’ என்று நேரடியாக எழுத முடிந்த இடத்தில் அதைச் சுற்றிவளைத்து எழுதுபவர், கொம்பைலர் இலவசமாகச் செய்த காவல் வேலையைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் அந்தக் காவல் வேலையை நாமே செய்வது பற்றியவை என்பதைக் கவனிக்கலாம்.

வகுப்பை வைத்துக்கொண்டு தொடங்குதல்

நெற்பதிவு என்ற ஒரு வகுப்பு இருக்கிறது எனக் கொள்வோம். அதில் வட்டை, விவசாயி ஆகிய இரண்டும் சரங்கள். ஏக்கர் ஒரு டெசிமல். மூடை ஒரு முழுவெண். ஈரப்பதன், வெறுமையாகவும் இருக்கக்கூடிய டெசிமல். திகதி ஒரு டேட்டைம். போகம் என்பது பெரும்போகம், சிறுபோகம் என்ற இரு பெறுமானங்களை மட்டும் கொண்ட எனம். பதிவெண் என்ற பண்பை வாசிக்க மட்டும் முடியும். பணம் கொடுத்தாயிற்றா என்பதைக் காட்டும் ‘கொடுப்பனவு’ என்ற பண்பும் அதில் உண்டு.

கோப்பின் தலைப்பில் ‘ஏக்கர்’ என்ற சொல்லையும் அதன்கீழ் ‘3.5’ என்ற சரத்தையும் வாசித்துவிட்டோம். இப்போது செய்ய வேண்டியவை மூன்று. முதலில் ‘சிஸ்டம்.ரிஃப்ளெக்ஷன்’ என்ற பெயர்வெளியை மேலே சேர்த்துக்கொண்டு, பொருளிடமே அதன் வகையைக் கேட்க வேண்டும்: ‘பதிவு.கெட்டைப்()’. பொருள் கையில் இல்லாமல் வகுப்பு மட்டும் தெரிந்திருந்தால் ‘டைப்ஒஃப்’ என்ற சொல்லுக்குள் வகுப்பின் பெயரை இட்டால் அதே ஏடு கிடைக்கும். அடுத்ததாக, அந்த ஏட்டில் ‘கெட்புரொப்பட்டி("ஏக்கர்")’ என்று தேடினால் ‘புரொப்பட்டிஇன்ஃபோ’ என்ற வகைப் பொருளொன்று திரும்பி வரும். இது ஏக்கர் என்ற பண்பைப் பற்றிய குறிப்பேயன்றி, எந்த ஒரு விவசாயியின் ஏக்கரும் அன்று. கடைசியாக அந்தக் குறிப்பிடம் ‘செட்வேல்யூ(பதிவு, 3.5)’ என்று, எந்தப் பொருளில் எழுத வேண்டும், எதை எழுத வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இங்கே 3.5 டெசிமலாக இருக்க வேண்டும். வாசிப்பதற்கு ‘கெட்வேல்யூ(பதிவு)’ போதும்.

பொருள் ஒன்று, அதன் பண்பு பற்றிய குறிப்பு வேறொன்று என்ற பிரிவைத் தெளிவாக மனத்தில் இருத்தாதவர்கள்தான் தொடக்கத்தில் மிகவும் தடுமாறுகிறார்கள். ஒரு குறிப்பை ஒருமுறை பெற்றுக்கொண்டால் ஆயிரம் பதிவுகளுக்கும் அதையே பயன்படுத்தலாம். நிரைக்கு நிரை மாறுவது செட்வேல்யூவுக்குக் கொடுக்கும் முதற்பொருள் மட்டுமே.

எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

தேடிய பெயரில் பண்பு இல்லையென்றால் கெட்புரொப்பட்டி வழுவொன்றையும் எறியாது. வெறுமனே ‘நல்’ என்ற வெறுமையைத் திருப்பித் தரும். அதைச் சோதிக்காமல் அடுத்த வரிக்குப் போனால், அங்கே வரும் வழுச்செய்தி பண்பின் பெயரையே சொல்லாது என்பதால், எந்தக் கோப்பின் எந்த நிரலில் பிழை என்று தேடி நாள் போய்விடும். ஆகவே வெறுமை வந்த உடனேயே, தேடிய பெயரையும் கோப்பின் பெயரையும் சேர்த்து நாமே ஒரு தெளிவான செய்தியை எழுதி நிறுத்த வேண்டும்.

பண்பு இருந்தாலும் அதில் எழுத முடியுமா என்பது வேறு கேள்வி. ‘கேன்ரைட்’ என்பது அதற்கு விடை சொல்லும். ஆனால் அது சொல்லும் விடையை முழுவதும் நம்பிவிடக் கூடாது: எழுதும் வழி பிரைவேட்டாக இருந்தாலும் அது ‘ஆம்’ என்றே சொல்லும். வெளியார் எழுதலாம் என்று வகுப்பை எழுதியவர் அனுமதித்த பண்புகளை மட்டும் வேறுபடுத்த வேண்டுமானால் ‘கெட்செட்மெத்தட்()’ என்று கேட்க வேண்டும்; பொது வழி இல்லாதபோது அது வெறுமையைத் தரும். பதிவெண் போல எழுதும் வழியே இல்லாத பண்பில் செட்வேல்யூ சொன்னால் ‘ஆர்கியுமென்ட்எக்செப்ஷன்’ வந்து நிற்கும்.

எழுத்துக்கு எழுத்து மாறாமல் பெயர் பொருந்த வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் புறக்கணிக்க ‘இக்னோர்கேஸ்’ என்ற கொடி உண்டு. தமிழுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை; நமக்கு உள்ள சிக்கல் வேறு.

சரத்தை உரிய வகைக்கு மாற்றுதல்

விரிதாளிலிருந்து வருவன எல்லாம் சரங்கள். செட்வேல்யூ சரத்தை எண்ணாக மாற்றித் தராது, டெசிமல் பண்புக்குள் "3.5" என்ற சரத்தை இட முயன்றால் மறுத்துவிடும். ஆகவே புரொப்பட்டிஇன்ஃபோவிடம் ‘புரொப்பட்டிடைப்’ என்று கேட்டு, பண்பின் வகையை அறிந்து, ‘கன்வர்ட்.சேஞ்ச்டைப்’ என்ற மெத்தடுக்குச் சரத்தையும் அந்த வகையையும் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக ‘இன்வேரியன்ட்கல்ச்சர்’ என்ற, எந்த நாட்டையும் சாராத மாறா அமைப்பைக் கொடுக்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் கணினியின் பிரதேச அமைப்புக்கேற்ப விடை மாறும். தசமத்துக்குக் காற்புள்ளி இடும் நாடொன்றின் அமைப்பில் விண்டோஸ் நிறுவப்பட்ட கணினியில் 3.5 என்பது வேறொன்றாகவோ வழுவாகவோ ஆகிவிடும்.

சேஞ்ச்டைப் மூன்று இடங்களில் காலை வாரிவிடும். ஈரப்பதன் போல வெறுமையாகவும் இருக்கக்கூடிய வகைகள் அதற்குப் புரியாது, ‘நலபிள்.கெட்அண்டர்லையிங்டைப்’ என்பதைக் கொண்டு உள்ளே இருக்கும் உண்மையான வகையை முதலில் உரித்தெடுத்து, அதற்கு மாற்ற வேண்டும். கலம் வெற்றாக இருந்தால் மாற்றவே முயலாமல் வெறுமையை எழுத வேண்டும். இங்கே ஒரு மறைவான குழி இருக்கிறது. மூடை போன்ற, வெறுமையாக இருக்க முடியாத முழுவெண் பண்புக்குச் செட்வேல்யூ வழியாக வெறுமையைக் கொடுத்தால் அது வழு எறியாமல் 0 என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். நேரடியாக எழுதியிருந்தால் கொம்பைலர் அந்த வரியைக் கடக்கவே விட்டிராது. நெல் கொண்டுவந்த மனிதர் ஒருவர் கணக்கில் 0 மூடைக்காரராக நின்றால், அவர் களஞ்சிய வாசலில் வந்து பேசும் பேச்சை வாங்கிக்கொள்ளப் போவது நாம்தான். ஆகவே பண்பின் வகை வெறுமையை ஏற்குமா என்று பார்த்து, ஏற்காவிடின் அந்த நிரையை நிராகரித்து எழுதிவைக்க வேண்டும்.

எனம் இரண்டாவது இடம். அதற்கு ‘எனம்.ட்ரைபார்ஸ்’ உண்டு. ஆனால் "7" என்ற சரத்தைக் கொடுத்தாலும் அது வெற்றி என்றே சொல்லும். ஏழாவது போகம் எங்கள் மாகாணத்தில் மட்டுமன்றி எங்குமே கிடையாது. ‘எனம்.இஸ்டிஃபைன்ட்’ என்பதைக் கொண்டு, கிடைத்த பெறுமானம் உண்மையில் அறிவிக்கப்பட்ட ஒன்றா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது திகதி; இதுவே மிகவும் ஆபத்தானது. இன்வேரியன்ட்கல்ச்சர் திகதியை மாதம், நாள், ஆண்டு என்ற அமெரிக்க ஒழுங்கில் வாசிக்கிறது. நாமோ நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். 05/02/2024 என்று கணக்குப்பிள்ளை எழுதியது, பெரும்போக அறுவடைக் காலத்து பெப்ரவரி 5ஐ. செய்நிரல் வாசிப்பதோ மே 2. நாள் 12க்கு மேற்பட்டால் வழு வந்து உண்மை வெளிப்படும். 12க்கு உட்பட்ட நாள்களெல்லாம் சத்தமின்றி வேறு மாதத்துக்கு, சிலவேளை வேறு போகத்துக்கே நகர்ந்துவிடும். இதற்கு ‘டேட்டைம்.பார்ஸ்எக்ஸாக்ட்’ ஒன்றே வழி; நாளுக்கு இரண்டு இலக்கம், மாதத்துக்கு இரண்டு, ஆண்டுக்கு நான்கு என்ற வடிவத்தை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வடிவத்தில் மாதத்தைக் குறிக்கும் எழுத்து பெரிய எம். சிறிய எம் இட்டால் அது நிமிடத்தைக் குறிக்கும் என்பதைப் பல புரோகிராமர்கள் பட்டே அறிந்திருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

பண்பு எழுப்பும் வழு

ஈரப்பதன் பண்பின் எழுதும் வழியில், பெறுமானம் 0க்கும் 100க்கும் இடையில் இருக்க வேண்டும் என்ற சோதனை இருக்கிறது எனக் கொள்வோம். செட்வேல்யூ வழியாக எழுதினாலும் அந்தச் சோதனை ஓடும். இது நல்ல செய்தி. பண்பு வழியாகச் செல்வதற்கும் அதன் பின்னால் மறைந்திருக்கும் களத்தை (ஃபீல்டை) நேரடியாக மாற்றுவதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. ஆனால் அந்தச் சோதனை எழுப்பிய வழு நம்மிடம் வரும்போது ‘டார்கெட்இன்வொகேஷன்எக்செப்ஷன்’ என்ற உறைக்குள் வைத்துத் தரப்படும். உண்மையான காரணம் ‘இன்னர்எக்செப்ஷன்’ என்பதனுள் இருக்கிறது. வழுக்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் எழுதும்போது உறையை உரித்து உள்ளிருப்பதையே எழுத வேண்டும். அல்லாவிடின் எல்லாப் பிழைகளும் ஒரே முகத்துடன் தோன்றும்.

ஸ்ட்ரக்ட் வகைகளைப் பற்றி ஒரு சொல். நெற்பதிவை வகுப்பாக அன்றி ஸ்ட்ரக்டாக எழுதியிருந்தால், செட்வேல்யூவுக்குக் கொடுக்கும்போது அது ஒரு பெட்டிக்குள் பிரதியாகிச் செல்லும். மாற்றம் அந்தப் பிரதியில் நிகழ்ந்து, நம்மிடம் உள்ள மூலம் அப்படியே இருக்கும். முதலில் ‘ஒப்ஜெக்ட்’ வகை மாறியொன்றில் அதை இட்டு, அந்த மாறியையே செட்வேல்யூவுக்குக் கொடுத்து, எல்லாம் முடிந்தபின் திரும்ப உரிய வகைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்ப் பெயரும் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடும்

இனி முன்பு வாக்களித்த தொல்லைக்கு வருகிறேன். ஒரு களஞ்சியத்திலிருந்து வந்த கோப்பில் ‘போகம்’ என்ற நிரல் மட்டும் வாசிக்கப்படவில்லை. கெட்புரொப்பட்டி வெறுமையையே தந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் கேட்டபோது கணக்குப்பிள்ளை, “தம்பி, தலைப்புச் சரியாத்தானே கிடக்கு, நீங்களே பாருங்களன்” என்றார். நான் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. என் வகுப்பில் இருந்த பெயரையும் அவருடைய தலைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் ஒரு புள்ளி வேறுபாடும் இல்லை. இரண்டின் நீளத்தையும் அச்சிட்டுப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது: ஒன்று 5, மற்றொன்று 6.

யூனிக்கோடில் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். 3019 என்ற ஒரே குறியெண்ணாக எழுதுவது ஒன்று. இரட்டைக் கொம்புக்கு 3015, காலுக்கு 3006 என இரண்டு குறியெண்களை அடுத்தடுத்து எழுதுவது மற்றொன்று. ஒகரக் குறிக்கு 3018 அல்லது 3014உடன் 3006. ஔகாரக் குறிக்கு 3020 அல்லது 3014உடன் 3031. திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். யூனிக்கோட் விதியின்படியும் இரண்டும் சமமானவையே. ஆனால் கெட்புரொப்பட்டி குறியெண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறதேயன்றி உருவத்தைப் பார்ப்பதில்லை. தலைப்பை வாசித்த உடனேயே அந்தச் சரத்தின்மேல் ‘நோர்மலைஸ்()’ என்பதை அழைத்தால், பிரிந்து கிடப்பவை ஒற்றைக் குறியெண்ணாகச் சேர்ந்துவிடும். வகுப்பில் உள்ள பெயரும் அதே வடிவில் இருக்கிறதா என்பதை ஒருமுறை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஆயினும் நோர்மலைஸ் எல்லாவற்றையும் தீர்க்காது. ஔ என்ற எழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டியவருக்கும், காலுக்குப் பதிலாக ரகரத்தைத் தட்டியவருக்கும் அது உதவாது. அவை யூனிக்கோடின் பார்வையில் எழுத்துப் பிழைகள். இணையப் பக்கத்திலிருந்து பிரதி செய்த தலைப்புகளில் 8204 என்ற, அகலமே இல்லாத குறியொன்று ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. ‘ட்ரிம்’ வெற்றிடங்களை வெட்டும், இதை வெட்டாது. கோப்பின் தொடக்கத்தில் நிற்கும் 65279 என்ற அடையாளக் குறியும் அப்படித்தான்: கோப்பை ஸ்ட்ரீம்ரீடர் வழியாக வாசித்தால் அது தானே நீங்கிவிடும், பைட்டுகளாக எடுத்து நாமே சரமாக்கினால் முதல் நிரலின் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். முதல் நிரல் மட்டும் எப்போதும் வாசிக்கப்படவில்லையென்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

யூனிக்கோடைப் பின்பற்றாத பாமினி எழுத்துருவை நம் அலுவலகங்கள் இன்னும் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாமினியில் தட்டிய விரிதாள் திரையில் அழகிய தமிழாகத் தெரியும். அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும்தான். நாம் மெய்யெழுத்தின் புள்ளியாகக் காண்பது அங்கே ஓர் அரைப்புள்ளி. தலைப்பில் 2944 முதல் 3071 வரையுள்ள தமிழ்க் குறியெண் ஒன்றுகூட இல்லையென்றால் அது பாமினியாக இருக்கலாம் என்று அறிவித்து, யூனிக்கோடுக்கு மாற்றித் தரும்படி கேட்பதே நல்லது. செய்நிரலுக்குள்ளேயே மாற்றிவிட முயன்று நான் இரண்டு கிழமைகளை இழந்தேன்.

இத்தனையையும் பட்டபின், கோப்பின் தலைப்பையும் பண்பின் பெயரையும் நேரடியாகப் பொருத்துவதையே நான் கைவிட்டுவிட்டேன். ‘தலைப்பு’ என்ற பெயரில் சொந்தமாக ஓர் அட்ரிபியூட், அதாவது பண்பின்மேல் ஒட்டிவைக்கும் ஒரு குறிப்புச்சீட்டு, எழுதி, ஒவ்வொரு பண்பின் மேலும் அது எந்தெந்தத் தலைப்புகளில் வரலாம் என்று இடுகிறேன். மூடை என்ற பண்புக்கு ‘மூடை’, ‘மூட்டை’, ‘மூடைகள்’ ஆகிய மூன்றும் இருக்கும். வவுணதீவார் ஒருவிதமாகவும் அக்கரைப்பற்றார் ஒருவிதமாகவும் எழுதுவதற்கு இடம் வேண்டுமல்லவா. தொடக்கத்தில் ‘கெட்புரொப்பட்டீஸ்’ வழியாக எல்லாப் பண்புகளையும் ஒருமுறை சுற்றி, ‘கெட்கஸ்டம்அட்ரிபியூட்’ வழியாக இந்தத் தலைப்புகளை வாசித்து, நோர்மலைஸ் செய்த தலைப்பிலிருந்து புரொப்பட்டிஇன்ஃபோவுக்குச் செல்லும் ஓர் அகராதியாக அமைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் ஒவ்வொரு நிரையிலும் ஏட்டைத் தேட வேண்டியதில்லை. அகராதியில் பார்த்தால் போதும்.

இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. உண்மையில் அதுவே முதன்மையானது. அட்ரிபியூட் இடப்படாத பண்பை வெளியிலிருந்து வரும் கோப்பு எவ்விதத்திலும் தொட முடியாது. நெற்பதிவில் ‘கொடுப்பனவு’ என்ற பண்பு இருப்பதை நினைவுகூர்க. பெயரை மட்டும் நம்பும் செய்நிரலுக்கு, ஒருவர் தன் விரிதாளில் ‘கொடுப்பனவு’ என்று ஒரு நிரலைச் சேர்த்து அனுப்பினால், பணம் கொடுபடாத பதிவும் கொடுபட்டதாக மாறிவிடும். இது கற்பனை அச்சம் அன்று. 2012 மார்ச்சில், செய்நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இதே இனத்தைச் சேர்ந்த ஓட்டையொன்று இருந்தது வெளிப்பட்டது. படிவத்தோடு வந்த பெயர்களை அப்படியே பண்புகளுக்கு ஏற்றும், ரெயில்ஸ் என்ற இணையச் சட்டகத்தின் வழக்கத்தைப் பயன்படுத்தி, ஒருவர் தனக்கு உரிமையில்லாத செய்நிரல் களஞ்சியத்தில் எழுதும் உரிமையைப் பெற்றுக் காட்டினார்.

பிரைவேட் களங்கள்

‘பைண்டிங்ஃப்ளாக்ஸ்’ என்ற கொடிகளைக் கொடுத்தால் பிரைவேட் உறுப்புகளையும் எட்டலாம். நொன்பப்ளிக் என்ற கொடியை மட்டும் கொடுத்துவிட்டு ஒன்றும் கிடைக்கவில்லையே என்று திகைப்பவர்கள் பலர். அதனுடன் இன்ஸ்டன்ஸ் அல்லது ஸ்டாட்டிக் என்பதையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். மூதாதை வகுப்பில் உள்ள பிரைவேட் களம், வழித்தோன்றல் வகுப்பின் ஏட்டில் தென்படாது. ‘பேஸ்டைப்’ வழியாக மேலே ஏறித் தேட வேண்டும். பொருளை உருவாக்கும்போது மட்டும் எழுதலாம் என்று ‘இனிட்’ இட்ட பண்பும், ரீட்ஒன்லி என்று அறிவித்த இன்ஸ்டன்ஸ் களமும்கூட இந்த வழியில் மாற்றத்துக்கு உட்படும். ஸ்டாட்டிக் ரீட்ஒன்லி களத்தை மட்டும், வகுப்பு தொடங்கியபின் மாற்ற முயன்றால், டொட்நெட் கோர் 3.0 முதல் மறுக்கப்படுகிறது.

முடியும் என்பதற்காகச் செய்யக்கூடாத வேலைகளில் இதுவும் ஒன்று. பிரைவேட் பெயரை அடுத்த பதிப்பில் மாற்றுவதற்கு அதன் ஆசிரியருக்கு முழு உரிமை உண்டு. அவர் மாற்றும் நாளில் நம் செய்நிரல் நிற்கும், அதற்கு அவரைக் கேட்க முடியாது. ஜாவா உலகம் இதைக் கடினமான வழியில் கற்றது. 2017இல் 9ஆம் பதிப்பு, தன் உள் வகுப்புகளை ரிஃப்ளெக்ஷன் வழியாகத் தொடுவோரை எச்சரித்தது. 2021இல் வந்த 16ஆம் பதிப்பு இயல்புநிலையிலேயே கதவை அடைத்தது. பழைய நூலகங்களை நம்பியிருந்த பலர் அப்போது அவற்றைத் தேடித் தேடிப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று.

வேகமும் வெளியீடும்

வேகம் பற்றிய அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. ஒரு போகத்துக்கு ஒரு களஞ்சியத்தில் வரும் சில ஆயிரம் நிரைகளை ஏற்றும்போது, கோப்பை வாசிப்பதற்கும் தரவுத்தளத்தில் எழுதுவதற்கும் ஆகும் நேரத்தின் முன் செட்வேல்யூவின் நேரம் கண்ணில் படாது. குறிப்புகளை அகராதியில் வைத்துக்கொண்டாலே பெரும் செலவு குறைந்துவிடும். 2022இல் வந்த டொட்நெட் 7 இந்த அழைப்புகளைத் தானாகவே விரைவாக்கியும் இருக்கிறது. இலட்சக்கணக்கில் திரும்பத் திரும்ப நிகழும் இடமானால், பண்பின் எழுதும் மெத்தடிலிருந்து ‘கிரியேட்டெலிகேட்’ வழியாக ஒரு டெலிகேட்டை, அதாவது அந்த மெத்தடை நேரே சுட்டும் ஒரு பொருளை, உருவாக்கி வைத்துக்கொள்ளலாம். அது நேரடி அழைப்பின் வேகத்துக்கு அண்மையில் வரும்.

வெளியீட்டில்தான் என்னைப் போல் பலர் சறுக்குவர். இணைய இணைப்புக் குறைந்த இடத்துக்குப் பென்ட்ரைவில் கொண்டுபோக வேண்டும் என்பதால், செய்நிரலைச் சிறிதாக்கும் ‘ட்ரிம்’ வசதியோடு வெளியிட்டேன். என் மடிக்கணினியில் ஓடிய செய்நிரல் களஞ்சியத்துக் கணினியில் சில பண்புகளையே காணவில்லை என்றது. காரணம் எளியது: நேரடியாக எங்கும் அழைக்கப்படாத பண்புகளை, எவரும் பயன்படுத்தவில்லை என்று எண்ணி அந்த வசதி வெட்டிவிடுகிறது. சரத்துக்குள் இருக்கும் பெயர் அதற்குத் தெரியாது. செய்நிரலை முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றிவிடும் நேட்டிவ் ஏஓடி முறையிலும் இதே நிலைதான். எந்த வகையின் பண்புகளைக் காக்க வேண்டும் என்பதை ‘டைனமிக்கலிஅக்ஸஸ்ட்மெம்பர்ஸ்’ என்ற அட்ரிபியூட்டால் குறித்துவிட வேண்டும். அல்லது ட்ரிம் செய்வதைக் கைவிட்டு, சற்றுப் பெரிய கோப்பையே கொண்டுபோக வேண்டும். நான் இரண்டாவதையே தெரிவுசெய்தேன்.

ஒரேயொரு சோதனையையாவது எழுதிவைக்க வேண்டும். அது தலைப்பு அட்ரிபியூட் உள்ள எல்லாப் பண்புகளையும் ரிஃப்ளெக்ஷன் வழியாகவே சுற்றி வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கெட்செட்மெத்தட் வெறுமையைத் தரவில்லை என்பதையும், அதன் வகையை நம் மாற்றும் பகுதி அறியும் என்பதையும், ஒரே தலைப்பை இரண்டு பண்புகள் உரிமை கோரவில்லை என்பதையும், மாதிரிச் சரமொன்றை எழுதித் திரும்ப வாசித்தால் அதே பெறுமானம் வருகிறது என்பதையும் அது பார்க்க வேண்டும். திகதிக்கு மாதிரியாக 12க்கு உட்பட்ட நாளொன்றையே கொடுக்க வேண்டும். 25/02/2024 என்று கொடுத்தால், பார்ஸ்எக்ஸாக்ட் இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று தவறாக மாதத்தை மாற்றி வாசிப்பது வெறும் வழுவாக மட்டுமே தெரியும், எந்த மாதத்துக்கு நகர்ந்தது என்பது தெரியாது. போகத்துக்கு, பிரிந்த ஓகாரத்தோடு தட்டிய தலைப்பு ஒன்றையும் அதே சோதனையில் வைத்திருக்கிறேன். அதன் நீளம் 6 என்று பக்கத்தில் குறிப்பும் எழுதியிருக்கிறேன், அடுத்து வருபவர் அதை எழுத்துப் பிழை என்று எண்ணித் திருத்திவிடாமல் இருக்க.